எஞ்சினுக்கும் ஒரு மராமத்து

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியெங்கும் விரிந்து கிடக்கும் கரிசல் காட்டில், "எஞ்சினை இறக்கணும்" என்று ஒருவர் சொன்னால், சொன்னவர் யார் என்று பார்த்துத்தான் அதன் பொருளை நிச்சயிக்க வேண்டும். சொன்னவர் சம்சாரியாக இருந்தால், கோடையில் கிணற்றுத் தண்ணீர் கீழே போய்விட்டது, கரைமேல் வைத்திருக்கும் ஆயில் எஞ்சினையும் பம்பையும் கிணற்றின் உட்புறத்தில் வெட்டிவைத்த திட்டுக்கு இறக்கியாக வேண்டும் என்று கவலைப்படுகிறார் என்று கொள்ளலாம். சொன்னவர் மோட்டார்ப் பட்டறைக்காரராக இருந்தால், வண்டியின் எஞ்சின் தேய்ந்து தளர்ந்துவிட்டது, அதைப் பெயர்த்து வெளியே எடுத்து அக்கக்காகப் பிரித்துப் பழுது பார்த்தாலொழிய இனிமேல் தாங்காது என்று தீர்ப்புச் சொல்கிறார் என்று அர்த்தம். வண்டியிலிருந்து எஞ்சின் உண்மையில் மேலே தூக்கித்தான் எடுக்கப்படுகிறது. ஆனாலும், பாரம் சுமந்து வந்தவன் தலையிலிருந்து சுமையை இறக்கிவைப்பதைப் போல, நெடுங்காலம் உழைத்த ஒரு யந்திரத்தை இளைப்பாற இறக்கிவைப்பதாகவே நம்முடைய பேச்சு வழக்கு அந்தக் காரியத்தைப் பார்க்கிறது.

கிணற்றுக்குள் எஞ்சின் இறங்கவேண்டி வந்ததற்குக் காரணம் இயற்கையின் ஒரு சட்டம். பம்பு தண்ணீரை உறிஞ்சி இழுப்பதாக நாம் சொல்கிறோம். உண்மையில் பம்பு குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுகிறது, வெளியே நீர்ப்பரப்பின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும் ஆகாயம் அந்த வெற்றிடத்துக்குள் தண்ணீரைத் தள்ளிவிடுகிறது. அந்த அழுத்தத்தின் பலம் ஏறத்தாழ 33 அடியோடு தீர்ந்துபோவதால், எப்பேர்ப்பட்ட பம்பும் அதற்குமேல் உறிஞ்ச இயலாது. நடைமுறையில் 20 அல்லது 25 அடியே கிட்டும். ஆகவே தண்ணீர் இறங்க இறங்க பம்பும் அதன் பின்னாலேயே இறங்கியது. மூன்று பனங்கட்டைகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் கப்பியைத் தொங்கவிட்டு, வடம் பிடித்த ஆட்கள் ஒருவர் குரலுக்கு ஒருவர் செவிகொடுத்து அந்தக் கனத்த இரும்பை அங்குலம் அங்குலமாக இறக்கிய காட்சியை என் சிறுபிராயத்தில் பார்த்திருக்கிறேன். அதற்கு முந்தைய தலைமுறை கமலையில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்தபோது கற்ற கப்பியின் சாஸ்திரமும் வடத்தின் சாஸ்திரமும்தான் அன்று அவர்களுக்குக் கை கொடுத்தன. பின்னால் மின்சார மோட்டாரும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்து கிணற்றடி எஞ்சின்களை ஓய்வுபெறச் செய்துவிட்டன. ஆனால் அந்தச் சாமர்த்தியம் அழிந்துவிடவில்லை. அது ஊர்ப்புறத்து மோட்டார்ப் பட்டறைகளில் குடியேறியது.

அப்படிப்பட்ட ஒரு பட்டறையில், வேப்பமர நிழலில், ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றின் எஞ்சினை இறக்கி வேலை செய்ததைச் சில நாட்கள் உடனிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. அந்த வேலையைப் படிப்படியாக வாசகர்களுக்குச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஹெரால்டு நம்முடைய நாட்டுக் கார் என்று உரிமையோடு சொல்லலாம். இங்கிலாந்தில் 1959-ஆம் ஆண்டு 'டிரையம்ப் ஹெரால்டு' என்ற பெயரில் வெளிவந்த அந்த வாகனத்தை, சென்னையை அடுத்த வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் 1961 முதல் இங்கேயே தயாரித்தார்கள். தாய்நாட்டில் 'ஸ்டாண்டர்டு' என்ற பெயர் 1963-இல் கைவிடப்பட்ட பிறகும், வண்டலூரில் அது கால் நூற்றாண்டுக் காலம் ஜீவித்திருந்தது. இந்தக் காருக்கு உருவம் வரைந்து கொடுத்தவர் இத்தாலியிலுள்ள டூரின் நகரத்துக் கலைஞர் ஜியோவானி மிக்கெலோட்டி. அவரே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன்மேல் இருவர் மட்டும் அமரக்கூடிய தாழ்வான ஓர் உடலை அமைத்தபோது பிறந்ததுதான், 1962 முதல் 1980 வரை உற்பத்தியாகி உலகமெங்கும் இன்றும் ரசிகர்களால் போற்றப்படும் 'டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்' என்ற ஸ்போர்ட்ஸ் கார்.

இரண்டு கார்களுக்கும் எஞ்சினும் ஒரே வம்சம். ஹெரால்டின் சிலிண்டர் 63 மில்லிமீட்டர் விட்டமும், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76 மில்லிமீட்டரும் கொண்டது. நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து 948 சி.சி. முதல் ஸ்பிட்ஃபயரில் அதே 76 மில்லிமீட்டர் தூரத்தை வைத்துக்கொண்டு விட்டத்தை மட்டும் 69.3 மில்லிமீட்டராக அகலப்படுத்தி, 1147 சி.சி. ஆக்கி, இரண்டு கார்புரேட்டர்களைப் பூட்டிவிட்டார்கள். ஆகையால் கரிசல் காட்டில் ஒரு ஹெரால்டின் எஞ்சினை இறக்கப் பழகியவர், கடல் கடந்து போய் ஒரு ஸ்பிட்ஃபயரின் முன்னால் நின்றாலும் அந்நியராக மாட்டார்.

நல்ல எஞ்சின் ஏன் இறக்கவேண்டிய ஸ்திதிக்கு வருகிறது? தேய்மானம் எல்லா யந்திரத்துக்கும் விதித்ததுதான் என்றாலும், வானம் பார்த்த நம்முடைய பூமியில் அதற்கு இரண்டு விசேஷக் காரணங்கள் உண்டு. ஒன்று புழுதி. கோடையில் கரிசல் மண் பொடியாகிக் காற்றில் எழும்போது, காற்று வடிகட்டியில் சிறு ஓட்டை இருந்தாலும் போதும், அந்த நுண்ணிய துகள் சிலிண்டருக்குள் நுழைந்து எண்ணெயோடு குழைந்து, சாணை பிடிக்கும் பசையைப் போல இரும்பை இரும்பு தேய்க்கும்படி செய்துவிடுகிறது. மற்றொன்று தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கிணற்று நீரை ரேடியேட்டரில் தொடர்ந்து ஊற்றி வந்தால், சமையல் பாத்திரத்தின் அடியில் படிவதைப் போலவே எஞ்சினின் நீரறைகளிலும் வெள்ளைப் படலம் ஏறி, உஷ்ணம் வெளியேறும் வழி அடைபடுகிறது. நோயின் அறிகுறிகள் பிற்பாடு தெரியும்: பின்குழாயில் நீலப்புகை, எண்ணெய் அடிக்கடி குறைதல், மேட்டில் ஏறத் திணறல், அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற 'டக் டக்' சத்தம்.

வேலை ஆரம்பமான காலையில் பட்டறைக்காரர் முதலில் எடுத்தது ஸ்பேனரை என்று நினைத்தால் தவறு. நாற்பது பக்க நோட்டு ஒன்றையும் பென்சிலையும் எடுத்துத் தம்மிடம் தொழில் பழகும் பையனிடம் கொடுத்தார். "எதைக் கழத்துனாலும் முதல்ல எழுது தம்பி. அப்புறம் கட்டு. அப்புறந்தான் டப்பாவுல போடு" என்றார். "ஞாபகம் இருக்கும்ண்ணே" என்றான் பையன். "இன்னைக்கு இருக்கும். போரிங் வேலைக்குப் போயிட்டுப் பத்து நாள் கழிச்சு வந்தா இருக்காது" என்று அவர் நிதானமாகச் சொன்னார். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஒரு துண்டுத் துணி, அதில் ஓர் எண், அதே எண் நோட்டில். ஒவ்வோர் இடத்துப் போல்ட்டுக்கும் தனி டப்பா. ஒரு பழைய காரின் எஞ்சினை இறக்குவதில் பலத்தைவிட ஒழுங்கே பிரதானம் என்பதை அந்த ஒரு காரியத்திலேயே நான் கற்றுக்கொண்டேன். கடைசியில் கழற்றியதே முதலில் ஏற வேண்டும் என்பதால், கழற்றும்போது எழுதிய நோட்டைப் பின்னாலிருந்து முன்னால் படித்தால் அதுவே பூட்டும் சாஸ்திரமாகிவிடுகிறது.

பின்பு பேட்டரியின் இணைப்பை எடுத்தார்கள். மின்சாரமும் பெட்ரோல் ஆவியும் ஓரிடத்தில் சேரலாகாது என்பது முதல் விதி. ரேடியேட்டரின் திருகைத் திறந்து தண்ணீரை வடித்தார்கள். பேட்டரியை எடுக்குமுன் எஞ்சினைச் சற்று ஓடவிட்டிருந்த சூடு ஆறுவதற்குள்ளேயே அடிச் சேம்பரின் திருகைக் கழற்றியதால், கழிவெண்ணெய் அடியில் தங்கியிருந்த கசடையும் அடித்துக்கொண்டு வெளியேறிற்று. அடுத்து, ஹெரால்டுக்கே உரிய சௌகரியம் ஒன்று வெளிப்பட்டது. மற்றக் கார்களில் மூடி மட்டும் திறக்கும். ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் விளக்குகளும் சக்கரங்களின் மேல்மறைப்பும் உட்பட முன்பக்கம் முழுவதுமே ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறந்துகொள்ளும். விளக்குக் கம்பிகளைப் பிரித்துக் கீல்களின் போல்ட்டுகளைக் கழற்றியதும், இரண்டு பேர் அதைப் பல்லக்குப் போலத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் வைத்துவிட்டார்கள். எஞ்சின் மூன்று பக்கமும் திறந்த வெளியில் நின்றது. முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே ஒரு மனிதர் வேலை செய்யலாம்.

ரேடியேட்டரும் அதன் ரப்பர்க் குழாய்களும் வெளியேறின. பெட்ரோல் வரும் சிறு குழாயைப் பம்பிலிருந்து விடுவித்ததும் அதன் வாயைத் தக்கை வைத்து அடைத்தார்கள். கார்புரேட்டர், ஆக்ஸிலரேட்டர் கம்பி, சோக் கம்பி, டைனமோவின் கம்பிகள், ஸ்டார்ட்டரின் தடித்த கம்பி ஆகியவை ஒவ்வொன்றாய் எண் சூட்டிக்கொண்டு ஒதுங்கின. டிஸ்ட்ரிபியூட்டர் நின்ற கோணத்தை எஞ்சினின்மேல் ஓர் உளிக்கோட்டால் குறித்துக்கொண்டார்கள். அதிலிருந்து செல்லும் நான்கு கம்பிகளும், ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற வரிசையிலேயே சிலிண்டர்களுக்குத் தீப்பொறி கொடுக்க வேண்டும். மாறினால் எஞ்சின் தும்மும், ஓடாது.

எல்லாப் பழைய வண்டிகளிலும் பொறுமையைச் சோதிப்பது சைலன்சர் குழாயை எஞ்சினோடு பிணைக்கும் நட்டுகள்தான். வருஷக்கணக்காகத் தீயில் வெந்து துருவேறிய அவற்றைப் பலவந்தமாகத் திருகினால், நட்டு கழலாது, போல்ட்டு முறியும். முறிந்த போல்ட்டைத் துளைபோட்டு எடுப்பது ஒரு நாள் வேலை. ஆகவே பட்டறைக்காரர் முந்தின நாள் சாயங்காலமே மண்ணெண்ணெயையும் மெல்லிய எண்ணெயையும் கலந்து அவற்றின்மேல் விட்டு இரவு முழுவதும் ஊற வைத்திருந்தார். மறுநாள் லேசாகச் சூடு காட்டி, முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை திருப்பி, துரு உடைந்த சத்தம் கேட்டபின் எதிர்ப்பக்கம் திருப்பினார். எல்லாமே முழுசாக வந்தன.

எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ந்து நிற்கும் இடத்தில்தான் அனுபவமில்லாதவர்கள் நஷ்டப்படுகிறார்கள். ஹெரால்டில் கியர் பாக்ஸின் மேலுள்ள மூடியைக் காருக்குள் உட்கார்ந்தபடியே எடுத்துவிட்டு, இரண்டையும் இணைக்கும் போல்ட்டுகளை எட்டலாம். அவற்றைக் கழற்றுவதற்கு முன்னால் கியர் பாக்ஸின் அடியில் ஒரு ஜாக்கியும் மரக்கட்டையும் கொடுத்துத் தாங்க வேண்டும். கியர் பாக்ஸின் முன் தண்டு கிளட்ச் பிளேட்டின் நடுவே பல்லோடு பல் பொருந்திச் செருகியிருக்கிறது. எஞ்சினை நேர்கோட்டில் முன்னுக்கு இழுத்து அந்தத் தண்டிலிருந்து முழுவதும் விடுவித்த பிறகே மேலே தூக்கலாம். அவசரப்பட்டு முன்னதாகத் தூக்கினால் எஞ்சினின் பாரம் முழுவதும் அந்தத் தண்டில் தொங்கி, தண்டையோ கிளட்சையோ வளைத்துவிடும்.

செயின் பிளாக் தொங்கியது வேப்பங்கிளையில் அல்ல; இரும்புக் குழாயால் செய்த முக்காலியில். "மரத்தை நம்பி ஆளைக் கீழே நிறுத்தக்கூடாது" என்பது பட்டறைக்காரரின் கட்டுப்பாடு. சங்கிலி இறுகி எஞ்சினின் பாரத்தைத் தாங்கிக்கொண்ட பிறகுதான் இருபுறமும் உள்ள ரப்பர்த் தாங்கிகளின் போல்ட்டுகளை எடுத்தார்கள். பையன் சங்கிலியை இழுக்க, அவர் இரண்டு கைகளாலும் எஞ்சினின் முகத்தைப் பிடித்து முன்னுக்கு அசைத்து அசைத்து விடுவித்தார். கிளட்ச் தண்டை விட்டு அது பிரிந்த கணத்தில், கிணற்றடியில் என் சிறுபிராயத்தில் கேட்ட "பைய, பைய" என்ற அதே சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டேன். முகம் மேலே நிமிர்ந்தபடி எஞ்சின் எழும்பி, ஒரு பழைய லாரி டயரின்மேல் வந்து அமர்ந்தது.

பிரிப்பதிலும் வரிசை உண்டு. சிலிண்டர் ஹெட்டின் நட்டுகளை ஒரேயடியாகக் கழற்றாமல், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாகத் தளர்த்தினால்தான் ஹெட் வளையாமல் இருக்கும். வால்வுகளை இயக்கும் தள்ளுகம்பிகள் தத்தம் இடத்திலேயே தேய்ந்து பழகியவை. அட்டையில் எட்டு ஓட்டை போட்டு எண் இட்டு, அவற்றை அந்தந்த ஓட்டையில் குத்தி வைத்தார்கள். பிஸ்டன்களை எடுத்ததும் சிலிண்டரின் வாயோரத்தில் விரல் நகத்தில் தட்டுகிற ஒரு வரம்பு தெரிந்தது. பிஸ்டன் வளையம் எட்டாத அந்த வரம்புதான் சிலிண்டர் புதிதாக இருந்தபோது இருந்த அளவு. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் தேய்ந்த பாகம்.

இதற்கடுத்து நான் கண்டதுதான் என் மனத்தைத் தொட்டது. சிலிண்டர் பிளாக்கின் பக்கச்சுவரில் மூடிகளாக அடித்திருந்த வட்டத் தகடுகளைப் பெயர்த்ததும், நான்காம் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீரறையில் துருவும் உப்பும் மண்ணும் கலந்து இறுகிய ஒரு பழுப்புச் சேறு கம்பியால் குத்திக் குத்தி எடுக்கும்படி அடைத்துக் கிடந்தது. தண்ணீரைச் சுற்றிவிடும் பம்பு முன்பக்கம் இருப்பதால், ஓட்டம் குன்றிய பின்பக்கத்தில்தான் கசடு போய்த் தங்குகிறது. கண்மாயில் நடப்பதும் இதுவே அல்லவா? மழைக்காலத்தில் ஓடையும் வாய்க்காலும் கொண்டுவரும் மண், நீரோட்டம் அடங்குகிற இடத்தில் வண்டலாகப் படிந்து கண்மாயின் கொள்ளளவைக் குறைத்துவிடுகிறது. அதனால்தான் நம்முடைய பெரியவர்கள் தண்ணீர் வற்றிய கோடையைச் சோம்பிக் கழிக்காமல், ஊரார் கூடிக் கண்மாயைத் தூர்வாரிக் கரையைச் செப்பனிட்டு மடைகளைச் சீர்செய்யும் குடிமராமத்து என்ற தர்மத்தை ஏற்படுத்தினார்கள். எஞ்சினை இறக்கி வேலை பார்ப்பதும் ஒரு மராமத்துத்தான். ஓட்டம் நின்ற காலமே உள்ளே படிந்ததை எடுப்பதற்கு உரிய காலம்.

தூர்வாரிய பிளாக் அளவெடுப்புக்குப் போயிற்று. பிஸ்டன் ஒரு பக்கமாக அழுத்தி ஓடுவதால் சிலிண்டர் வட்டமாயிராமல் நீள்வட்டமாகத் தேய்கிறது. உஷ்ணம் அதிகமாகவும் எண்ணெய் குறைவாகவும் உள்ள மேற்பக்கம் கூடுதலாகத் தேய்வதால் மேலே அகன்றும் கீழே குறுகியும் போகிறது. இதை மைக்ரோமீட்டரால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து, தேய்மானத்துக்கு ஏற்றபடி ஆயிரத்தில் 20 அல்லது 30 பங்கு அகலப்படுத்திக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களைப் போடுவதே போரிங் வேலை. கிராங்க் தண்டை இதற்கு நேர்மாறாகச் சாணை பிடித்துச் சற்று மெலிய வைத்து, அதற்கேற்ற தடித்த பேரிங்குகளைப் போடுவார்கள். இந்த வம்ச எஞ்சின்களில் ஒரு பலவீனம் உண்டு. கிராங்க் தண்டு முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் பிறைவடிவ வாஷர்கள் பின்புறப் பேரிங்கில் இருக்கின்றன; அவை தேய்ந்து மெலிந்தால் நழுவிச் சேம்பருக்குள் விழுந்து, தண்டே பிளாக்கை அரைத்துப் பாழாக்கிவிடும். ஒருவர் கிளட்சை மிதிக்க மற்றொருவர் முன்னாலுள்ள கப்பியைப் பார்க்க, அது கண்ணுக்குத் தெரிய முன்னே நகர்ந்தால் அபாயம் நெருங்கிவிட்டது என்று அறியலாம்.

காலம் மாறியதற்காகச் செய்ய வேண்டிய மாற்றங்களும் உண்டு. முன்பு பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வால்வு அமரும் இடத்துக்கு ஒரு பாதுகாப்பாயிருந்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் இந்தியா முழுவதும் ஈயம் கலவாத பெட்ரோலே விற்கப்படுவதால், பழைய ஹெட்டில் கடினமான உலோக வளையங்களைப் பதித்துக்கொள்வது உசிதம். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர்க் குழாய்கள் விரைவில் இற்றுப்போகின்றன. அவற்றையும் இந்தச் சமயத்திலேயே மாற்றிவிட வேண்டும். உதிரிப் பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் தேடுவோரும் உண்டு. ஸ்பிட்ஃபயரின் ரசிகர்களுக்காக இங்கிலாந்தில் இன்னும் பாகங்கள் செய்து விற்கிறவர்களிடமிருந்து வரவழைப்போரும் உண்டு.

எஞ்சின் திரும்ப ஏறிய நாளில் பையன் தன் நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தான். ஒரு போல்ட்டும் மிஞ்சவில்லை; ஒன்றும் குறையவில்லை. ரேடியேட்டரில் கிணற்று நீர் ஊற்றவில்லை. துரு தடுக்கும் கூலன்ட் கலந்த சுத்திகரித்த நீர் ஊற்றினார்கள். முதல் 800 கிலோமீட்டர் வரை விரட்டாமல் ஓட்டி, பிறகு எண்ணெயை மாற்ற வேண்டும் என்று பட்டறைக்காரர் உடைமையாளரிடம் வற்புறுத்திச் சொன்னார். புது வளையங்களும் புதுச் சுவரும் ஒன்றோடொன்று பழகுவதற்கு அவ்வளவு அவகாசமாவது வேண்டும்.

பழைய காரைப் பேணுவது செல்வந்தரின் பொழுதுபோக்கு என்றொரு அபிப்பிராயம் நிலவுகிறது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் பெயர் தாங்கிய நிறுவனத்தார் அமைத்திருக்கும் கார் அருங்காட்சியகத்தைப் போன்றவை பழைய வாகனங்களின் உருவத்தைக் காக்கின்றன; அது போற்றத்தக்க சேவை. ஆனால் அவற்றைப் பிரித்துப் பூட்டும் வித்தையைக் காப்பவை வேப்பமரத்தடிப் பட்டறைகளே. அந்த வித்தை ஏட்டில் இல்லை. கையிலிருந்து கைக்குத்தான் வருகிறது. வாங்கும் கை நின்றுபோனால் அது ஒரே தலைமுறையில் மறைந்துவிடும்.

ஆகவே, தந்தையோ பாட்டனாரோ ஓட்டிய கார் உங்கள் வீட்டுக் கொட்டகையில் புழுதி மூடிக் கிடக்குமானால், அதைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். சாவியைத் திருப்பி ஓட்டிப் பார்க்க முயலாதீர்கள். துருப்பிடித்த வளையங்கள் சிலிண்டரைக் கீறிவிடும். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவிடுங்கள். பின்பு உங்கள் ஊர்ப் பட்டறைக்காரரை அழைத்துவந்து கையால் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினை இறக்கத்தான் வேண்டும் என்று அவர் சொன்னால், உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவனை நாற்பது பக்க நோட்டோடு அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள்.